பட்டணத்தில் ஒரு புதுப் பாதிரி: கால்டுவெல்லின் சென்னை நாட்கள்

1838 ஜனவரி 8-ஆம் தேதி 'மேரி ஆன்' என்ற கப்பல் சென்னைக்கு எதிரே கடலில் நங்கூரம் பாய்ச்சியது. லண்டன் மிஷனரி சங்கம் அனுப்பிய 23 வயது இளைஞர் ஒருவர் அதிலிருந்து கரையிறங்கினார். அவர் ராபர்ட் கால்டுவெல். இடையன்குடியில் ஊர் அமைத்தவர், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவர், திருநெல்வேலிச் சரித்திரத்தைத் தொகுத்தவர் என்று தென்மாவட்டத்தார் அறிந்த கால்டுவெல் உருவானது 1841-க்குப் பிறகுதான். அதற்கு முன் மூன்றரை ஆண்டுகள் அவர் சென்னைப் பட்டணத்தில் ஒரு புதுப் பாதிரியாக இருந்தார். அந்த ஆண்டுகளைப் பெரும்பாலான நூல்கள் ஓரிரு பக்கங்களில் கடந்துவிடுகின்றன. பிற்காலத்தில் அவர் செய்த பெரிய காரியங்கள் எல்லாவற்றிற்கும் வித்து விழுந்தது அங்கேதான்.

கால்டுவெல் 1814 மே 7-இல் அயர்லாந்தின் வடபகுதியில் கிளேடி என்ற சிற்றூரில் பிறந்தவர். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். பத்து வயதில் குடும்பத்தோடு கிளாஸ்கோவுக்குப் போனார். பதினாறு வயதில் டப்ளினில் ஓவியம் கற்கச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் ஓவியத்தை விட்டுச் சமயப் பணிக்குத் திரும்பினார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தபோது, கிரேக்கப் பேராசிரியர் சர் டேனியல் சாண்ட்ஃபோர்டின் பாடங்கள் அவருக்கு மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையை ஊட்டின. ஒரு மொழியை மற்றொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் தெளிவாகும் என்ற எண்ணத்தோடு அவர் பட்டம் பெற்றார். தமிழ் என்ற பெயரைத் தாண்டி அந்த மொழியைப் பற்றி அப்போது அவர் அதிகம் அறிந்திருக்க வழியில்லை.

1837 ஆகஸ்டு இறுதியில் புறப்பட்ட பயணம் தொடக்கத்திலேயே துன்பத்தில் சிக்கியது. 'மேரி ஆன்' ஒரு பிரெஞ்சுக் கப்பலோடு மோதியது. பிரெஞ்சுக் கப்பல் மூழ்கி உயிர்ச்சேதம் ஏற்பட்டது. சேதமடைந்த 'மேரி ஆன்' பழுது பார்ப்பதற்காக இங்கிலாந்தின் பிளிமத் துறைக்குத் திரும்பிப் போய், மறுபடியும் கடலில் இறங்கியது. சூயஸ் கால்வாய் இல்லாத காலம் அது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் வர வேண்டும். மாதக்கணக்கில் நீண்ட அந்தப் பயணத்தில் கால்டுவெல்லுக்கு நல்ல துணை ஒன்று வாய்த்தது. தெலுங்கு அறிஞர் சார்லஸ் பிலிப் பிரவுன் அதே கப்பலில் இந்தியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வேமனரின் பாடல்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தவர் அவர். தெலுங்கையும் சமஸ்கிருதத்தையும் பற்றி அவரோடு பேசிய பேச்சே இந்திய மொழிகளில் கால்டுவெல்லுக்குக் கிடைத்த முதல் பாடம். ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையை மனத்தில் சுமந்து வந்தவருக்கு, ஒப்பிட வேண்டிய இரண்டு மொழிகளைப் பற்றிய செய்தி கரை தொடும் முன்பே கிடைத்துவிட்டது.

அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதே 1875 டிசம்பரில்தான். கப்பல்கள் கரையிலிருந்து வெகு தொலைவில், ஆழமான நீரில் நிற்கும். ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகள் கரை சேர்க்கும். இந்தப் படகில் ஓர் ஆணி கூட இருக்காது. பலகைகளைக் கயிற்றால் தைத்து, இடுக்குகளில் நாரை அடைத்திருப்பார்கள். ஆணி அடித்த விறைப்பான படகு சென்னையின் அலையில் தரை தட்டினால் பிளந்துபோகும். தைத்த படகோ நெளிந்துகொடுத்துத் தப்பிக்கும். கரையோரம் அலை அடுக்கடுக்காக உடையும் இடத்தில் படகோட்டிகள் அலையின் முறையைக் கணித்துக் காத்திருந்து, ஓர் அலையின் முதுகில் ஏறிக் கரைக்கு வருவார்கள். யாரேனும் தவறி விழுந்தால் தூக்குவதற்குக் கட்டுமரங்கள் கூடவே வரும். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒவ்வொருவரும், ஆளுநரானாலும் பாதிரியானாலும், இந்த நாட்டில் முதன்முதலாகத் தம் உயிரை ஒப்படைத்தது தமிழ், தெலுங்கு மீனவர்களின் கையில்தான்.

பாதிரிமார் சென்னைக்கு எளிதாக வரத் தொடங்கி அப்போது வெகுகாலம் ஆகவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி நெடுங்காலம் அவர்களை வரவேற்கவில்லை. சமயப் பிரசாரம் கலகத்தை மூட்டி வணிகத்தைக் கெடுத்துவிடும் என்ற அச்சமே காரணம். 1813-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் கதவைக் கொஞ்சம் திறந்தது. 1833-ஆம் ஆண்டுச் சட்டம் முழுதுமாகத் திறந்தது. லண்டன் மிஷனரி சங்கம் 1805-லேயே சென்னையில் ஆளை வைத்திருந்தது. 1830-களின் இறுதியில் ஆங்கிலிகன், வெஸ்லியன், ஸ்காட்லாந்து, அமெரிக்க மிஷன்கள் என்று பலவும் நகரத்தில் இடம்பிடித்துவிட்டன. 1835-இல் சென்னைக்குத் தனி ஆங்கிலிகன் பேராயமும் ஏற்பட்டது. ஒரு பட்டணம், அதில் பல சபைகள்: புதிதாக வந்தவருக்கு இது வசதியாகவும் இருந்தது, குழப்பமாகவும் இருந்தது.

கோட்டை, அதற்கு வடக்கே பின்னாளில் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறிய கறுப்பர் நகரம், அதைச் சுற்றித் தோட்டங்களுக்கு நடுவே ஆங்கிலேயரின் பெரிய வீடுகள், இடையிடையே பழைய கிராமங்கள். இதுவே அந்நாள் சென்னை. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் உருதுவும் ஆங்கிலமும் காதில் விழும். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் கோயில் திருவிழாக்கள் முறைப்படி நடக்கும். வேப்பேரியிலும் கறுப்பர் நகரத்திலும் பிரார்த்தனை வீடுகள் இருந்தன. வந்திறங்கிய பாதிரி தமிழே பேசாமல் ஆண்டுக்கணக்கில் இங்கே காலம் தள்ளிவிட முடியும். அதுதான் பட்டணத்தின் முதல் ஆபத்து. படைவீரர், கம்பெனி அலுவலர், யூரேசியர் என்று ஆங்கிலம் பேசும் சபைகள் இருந்தன. அவர்களுக்கு ஆராதனை நடத்த எப்போதும் ஆள் தேவைப்பட்டது. தமிழ் தெரியாத புதுப் பாதிரிக்கு அந்த வேலை கையில் தயாராகக் காத்திருந்தது. அதிலேயே மூழ்கிப்போனவர்களும் உண்டு.

கால்டுவெல் மூழ்கவில்லை. மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் நிறுத்திப் பேசுவதைவிட, மொழியைக் கற்ற பிறகு பேசுவதே மேல் என்று தமிழில் இறங்கினார். அதற்குச் சென்னையைப் போலப் பொருத்தமான இடம் அன்று வேறு இல்லை. 1812-இல் கம்பெனி அதிகாரி எல்லிஸ் முன்னின்று நிறுவிய சென்னைக் கல்விச் சங்கம், கம்பெனியின் இளம் அலுவலர்களுக்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்பித்துவந்தது. அதைச் சுற்றி முன்ஷிகள் எனப்பட்ட மொழி ஆசிரியர்கள், புலவர்கள், ஏடு வைத்திருப்போர், அச்சகத்தார் என ஒரு கூட்டமே திரண்டிருந்தது. கல்விச் சங்கத்துப் புலவர் தாண்டவராய முதலியார் எளிய உரைநடையில் எழுதிய பஞ்சதந்திரக் கதை 1826-இல் அச்சாகி, தமிழ் கற்கும் வெளிநாட்டார் கைகளில் பாடநூலாகப் புழங்கியது. இலக்கணத்துக்கு வீரமாமுனிவர் இருந்தார். பேச்சு வழக்குக்கு ஒன்று, செந்தமிழுக்கு ஒன்று என்று அவர் தனித்தனி இலக்கணம் எழுதிவைத்திருந்தார். பாளையங்கோட்டையில் பணியாற்றிய இரேனியஸின் தமிழ் இலக்கணமும் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் வெளிவந்திருந்தது.

அகராதியின் நிலைதான் இரக்கத்துக்குரியது. ஃபப்ரிசியஸ் 1779-இல் வெளியிட்ட பழைய அகராதி இருந்தது. அதைவிடப் பெரிய ராட்லர் அகராதியின் முதல் பகுதி 1834-இல் வெளிவந்தது. 1836-இல் ராட்லர் காலமானார். எஞ்சிய பகுதிகளைப் பிறர் முடித்து அச்சேற்ற 1841 ஆகிவிட்டது. சென்னையில் கால்டுவெல் தமிழ் படித்த காலம் முழுவதும் அந்த அகராதி முற்றுப்பெறாமலே இருந்தது. அதில் இன்னும் வராத எழுத்துக்களில் தொடங்கும் சொற்களுக்கு முன்ஷியின் வாயைத்தான் பார்க்க வேண்டும்.

முன்ஷியிடம் பாடம் கேட்பது எளிதான காரியம் அல்ல. வந்தவர்களின் காதுக்கு லகரமும் ளகரமும் ஒன்றாகவே கேட்கும். ழகரம் நாவில் புரளாது. ரகர றகரமும், ந, ன, ண மூன்றும் தனித்தனிப் போராட்டம். எழுத்து பிடிபட்ட பிறகு பெரிய சிக்கல் வரும். முன்ஷி கற்பிப்பது ஏட்டுத் தமிழ். கடைத்தெருவில் ஓடுவது பேச்சுத் தமிழ். முன்ஷியிடம் மட்டும் படித்தவர் பிரசங்கம் செய்தால் தெருவில் நிற்பவருக்குப் புரியாது. சமையல்காரரிடமும் பல்லக்குத் தூக்கிகளிடமும் மட்டும் கற்றவர் பேசினால், படித்தவர்கள் அவரை மதிக்க மாட்டார்கள். இரண்டையும் கற்று, எந்த இடத்தில் எதைப் பேசுவது என்று அறிந்தவரே தமிழ் கற்றவர். புதுப் பாதிரிமாரில் பலர் இந்த நடுவழியிலேயே நின்றுவிட்டனர்.

கால்டுவெல்லுக்கு இங்கே கைகொடுத்தவர் அவருடைய சங்கத்தையே சேர்ந்த வில்லியம் ஹாய்ல்ஸ் ட்ரூ. ஆர்.பி. சேதுப்பிள்ளை 'கால்டுவெல் ஐயர் சரிதம்' என்ற நூலில் 'துரு' என்று குறிப்பிடுவது இவரைத்தான். ட்ரூ அந்த ஆண்டுகளில் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தார். பரிமேலழகர் உரையோடும், இராமாநுச கவிராயரின் விளக்கத்தோடும், தம் மொழிபெயர்ப்போடும் அவர் வெளியிட்ட குறள் பதிப்பின் முதற்பகுதி 1840-இல் வந்தது, அடுத்த பகுதி 1852-இல். இரண்டிலுமாக 63 அதிகாரங்கள். சமயம் பரப்ப வந்த ஒருவர் குறளை இவ்வளவு அக்கறையோடு அச்சேற்றியது சிறிய செய்தி அல்ல. பக்கத்தில் இருந்த புது ஆளுக்கு அது நேரடிப் பாடமாக அமைந்தது. தமிழரிடம் பேசப் புகுமுன் தமிழர் எதை மதிக்கிறார்கள் என்று அறிய வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

இராமாநுச கவிராயரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்து சென்னையில் தங்கிய புலவர் அவர். நன்னூலுக்கு உரை எழுதியவர். ட்ரூவுக்கு அவர் துணை நின்றார். 1839-இல் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்தவராகச் சென்னைக்கு வந்த பத்தொன்பது வயது ஜி.யு. போப்பும் அவரிடம் தமிழ் கற்றார். பிற்காலத்தில் குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த போப்பின் தமிழுக்கு அடித்தளம் இட்டவர் இந்தக் கவிராயர். பாதிரிமாரின் பெயர்கள் சிலைகளிலும் சாலைகளிலும் இருக்கின்றன. அவர்களுக்கு மணிக்கணக்கில் பாடம் சொன்ன புலவர்களின் பெயர்கள் முன்னுரைகளில்தான் கிடக்கின்றன. அந்த நாட்களை எழுதும்போது இவர்களையும் முன்வரிசையில் வைப்பதே நியாயம்.

அமெரிக்க மிஷனின் மைரன் வின்சுலோ யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 1836 முதல் சென்னையில் இருந்தார். 67,000-க்கும் மேற்பட்ட சொற்களோடு 1862-இல் வெளிவந்த தமிழ்-ஆங்கில அகராதி அவர் பெயரில்தான் வழங்குகிறது. அதை அச்சிட்ட அமெரிக்க மிஷன் அச்சகமும் கால்டுவெல் இருந்த ஆண்டுகளில்தான் சென்னையில் நிலைகொண்டது. அதன் மேலாளர் ஹண்ட், தமிழ் எழுத்துக்களைச் சிறியனவாகவும் அழகாகவும் வார்க்கச் செய்து தமிழ் அச்சுக்கே புது வடிவம் கொடுத்தார். ஹென்றி பவர் என்பவரும் தமிழில் உழைத்த இந்தக் கூட்டத்தில் ஒருவர். 1871-இல் முடிந்த தமிழ் விவிலியத் திருத்தத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். அந்தத் திருத்தக் குழுவில் கால்டுவெல்லும் இருந்தார். இவர்கள் ஒரே சபையினர் அல்லர். ஞானஸ்நானம், பேராயர் ஆட்சி போன்றவற்றில் ஒருவரை ஒருவர் மறுத்தவர்கள். தமிழ் என்று வந்தபோது ஒருவர் வீட்டுப் புத்தகம் மற்றவர் வீட்டு மேசைக்குப் போனது. கிராமத்தில் தனியாக உட்கார்ந்திருந்தால் கால்டுவெல்லுக்கு இந்தக் கூட்டுறவு கிடைத்திருக்காது.

பட்டணத்தின் மறுபக்கத்தையும் அவர் கண்டார். ஸ்காட்லாந்துச் சபையைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837 ஏப்ரலில், ஆர்மீனியன் தெருவில், 59 மாணவரோடு ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் மூல விதை அதுதான். கல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃப் 1830-இல் காட்டிய வழியே ஆண்டர்சனின் வழி. ஆங்கிலக் கல்வி கொடு, அதோடு விவிலியத்தையும் கற்பி, படித்த மேல்சாதி இளைஞர் மனம் மாறினால் சமூகம் முழுவதும் மாறும் என்ற எண்ணம். ஆங்கிலம் படித்தால் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். பெற்றோர் கேட்டது ஆங்கிலம். பள்ளிக்காரர் தர விரும்பியது சுவிசேஷம். இந்த இரண்டுக்கும் இடையே ஒரு மௌன உடன்பாடு இருந்தது. அது அதிக நாள் தாங்கவில்லை.

தொடங்கிய ஓரிரு ஆண்டுகளிலேயே, பறையர் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அந்தப் பள்ளியில் சேர்ந்து படிக்கிறார்கள் என்ற செய்தி வெளியானது. அவர்களை நீக்க வேண்டும், இல்லையேல் தனிப் பலகையிலாவது உட்கார வைக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். ஆண்டர்சன் மறுத்தார். ஏராளமான மாணவர்கள் வெளியேறினார்கள். ஆண்டர்சன் தம் நிலையிலிருந்து இறங்கவில்லை. பள்ளியோ மெல்ல மெல்ல நிரம்பியது. 1841 ஜூனில் இரண்டாவது புயல் அடித்தது. பி. ராஜகோபால், ஏ. வெங்கடராமையா என்ற இரு மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். நகரம் கொந்தளித்தது, பள்ளி ஏறக்குறைய காலியானது. அந்த எதிர்ப்பைக் குருட்டுக் கோபம் என்று ஒதுக்கிவிட முடியாது. பிள்ளையை இழந்த வீடுகளின் துயரம் அதில் இருந்தது. தம் சமயத்தைக் காக்கும் உரிமை தமக்கும் உண்டு என்ற தெளிவும் இருந்தது. சில ஆண்டுகளில் காஜுலு லட்சுமிநரசு செட்டி 'கிரசென்ட்' என்ற பத்திரிகையைத் தொடங்கி, பாதிரிமாருக்கும் அரசுக்கும் இருந்த நெருக்கத்தைத் தட்டிக்கேட்டார். தென்னிந்தியாவில் ஒழுங்கான பொதுக்கருத்து என்று ஒன்று உருவானதற்கு இந்த மோதலும் ஒரு காரணம்.

ஆண்டர்சன் முதலாக இந்தப் பாதிரிமாரோடெல்லாம் கால்டுவெல்லுக்குப் பழக்கம் இருந்தது. நகரத்தின் கேட்போர் கூட்டத்தையும் அவர் நன்றாகவே பார்த்தார். தெருமுனையில் பிரசங்கம் செய்தால் ஆட்கள் கூடுவார்கள். நின்று கேட்பார்கள், வாதம் செய்வார்கள், தம் வேலையைப் பார்க்கப் போவார்கள். மறுநாள் அதே முகம் வருவது அரிது. பட்டணத்தில் மனிதன் தன் ஊரையும் உறவையும் விட்டுத் தனியாளாக நிற்கிறான். கிராமத்திலோ ஒரு குடும்பம் வந்தால் தெரு வரும், தெரு வந்தால் ஊர் வரும். திருநெல்வேலியில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. இரேனியஸ் காலத்திலிருந்து அங்கே ஊர் ஊராகச் சபைகள் எழுந்திருந்தன. அந்தச் செய்தி சென்னையில் இருந்த ஒவ்வொரு பாதிரிக்கும் எட்டியிருந்தது.

இரேனியஸின் வரலாறும் ஏறக்குறைய இதே வழியில் போனதுதான். பிரஷ்யாவில் பிறந்த அவர் 1814 ஜூலையில் சென்னைக்கு வந்தார். முதலில் தரங்கம்பாடியில் சில மாதம் தமிழ் படித்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பி, கறுப்பர் நகரத்தில் பள்ளிகள் வைத்து, பிரசங்கித்து, விவிலியத்தைத் திருத்தி 1820 வரை காலம் கழித்தார். பிறகு பாளையங்கோட்டைக்குப் போனார். அங்கே திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் நெடுங்காலம் பாடம் கேட்டார். கால்டுவெல் சென்னையில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த அதே 1838-இல், ஜூன் மாதம், இரேனியஸ் பாளையங்கோட்டையில் இறந்தார். இருவரும் சந்தித்ததில்லை. ஆனால் இரேனியஸ் விட்டுச்சென்ற வயல்தான் கால்டுவெல்லைத் தெற்கே இழுத்தது.

சென்னையில் கால்டுவெல்லின் மனத்தில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. பேராயர் ஆட்சியை ஏற்காத சபை மரபில் வந்தவர் அவர். ஆங்கிலிகன் சபையின் ஒழுங்கும் வழிபாட்டு முறையும் படிப்படியாக அவரை ஈர்த்தன. 1841-இல் லண்டன் மிஷனரி சங்கத்திலிருந்து விலகி, நற்செய்திப் பரவல் சங்கம் என்ற ஆங்கிலிகன் அமைப்பில் சேர்ந்தார். அந்தச் சங்கம் அவரைத் திருநெல்வேலியின் தென்கோடியில் இருந்த இடையன்குடிக்கு அனுப்ப முடிவு செய்தது. முறைப்படி குருப்பட்டம் பெற வேண்டும். சென்னைப் பேராயர் ஸ்பென்சர் அப்போது உதகையில் இருந்தார்.

சென்னையிலிருந்து உதகை நோக்கித் தொடங்குகிறது அவருடைய புகழ்பெற்ற நடைப்பயணம். வெள்ளைக்காரத் துரை பல்லக்கில் போவதே அக்காலத்து வழக்கம். இரவில் பந்தம் பிடித்து, ஆள் மாற்றி ஆள் மாற்றிச் சுமந்து போவார்கள். கால்டுவெல் நடந்தார். மக்களின் நடையுடை பாவனைகளையும், வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் பேச்சையும் அறிய அதுவே வழி என்று அவர் எண்ணினார். சிதம்பரம், தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று காவிரி நாட்டைக் கடந்து நீலகிரி ஏறினார். தஞ்சையில் முதுபெரும் கிறித்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரைக் கண்டார். உதகையில் 1841 செப்டம்பர் 19-இல் பட்டம் பெற்றார். மலையிறங்கி மதுரை வழியாகத் தெற்கே நடந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் இடையன்குடி போய்ச் சேர்ந்தார். சென்னையில் முன்ஷி கொடுத்த தமிழ், இந்தப் பாதையில்தான் வண்டிக்காரர், சாவடிக்காரர், உழவர் வாயால் திருத்தம் பெற்றது. மூன்றரை ஆண்டுப் படிப்புக்கு இந்தச் சில மாத நடை தேர்வாகவும் அமைந்தது, பரிசாகவும் அமைந்தது.

செம்மண் தேரியும் பனையும் சூழ்ந்த இடையன்குடியில் அவர் வாழ்நாள் பணி தொடங்கியது. 1844-இல் நாகர்கோவில் பாதிரி சார்லஸ் மால்ட்டின் மகள் எலிசாவை மணந்தார். 1856-இல் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட தென்மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறக்காத தனிக் குடும்பம் என்ற கருத்தை எல்லிஸ் 1816-லேயே சென்னையில் எழுதியிருந்தார். கல்விச் சங்கத்து வட்டாரத்தில் உலவிய அந்தக் கருத்தை விரிவான சான்றுகளோடு நிலைநாட்டியது கால்டுவெல்லின் உழைப்பு. கிளாஸ்கோவில் பெற்ற ஆசை, கப்பலில் பிரவுனிடம் கேட்ட செய்தி, சென்னையில் சேர்ந்த தமிழ் மூன்றும் கலந்ததே அந்த நூல். பட்டணத்தில் கற்ற நிதானம் எல்லா இடத்திலும் அவருக்குக் கைகொடுத்தது என்று சொல்ல முடியாது. நாடார் சமூகத்தைப் பற்றி 1849-இல் அவர் எழுதிய சிறுநூல், இங்கிலாந்து வாசகரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அது இங்கே பலரின் மனத்தைப் புண்படுத்தியது. அவர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தது முற்றிலும் நியாயமே.

1881-இல் அவர் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் பாளையக்காரர்களின் வரலாறு விரிவாக இடம்பெறுகிறது. சங்கரன்கோவில் பக்கத்து நெற்கட்டான்செவ்வலும் சிவகிரியும் அந்த வரலாற்றோடு பின்னிக்கிடக்கும் ஊர்கள்.  ஆனால் கால்டுவெல்லின் பணி தென்கடற்கரையை ஒட்டியது. சங்கரன்கோவில் வட்டாரத்துக்குப் பாதிரிமார் வந்த வழி வேறு. அதற்கும் தொடக்கம் சென்னையில்தான்.

தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் 1815-இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்று, அங்கேயே கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 1846 தொடக்கத்தில் சர்ச் மிஷனரி சங்கத்தின் சென்னைச் செயலாளராக வந்தார். கணக்கு, கடிதம், கட்டட அனுமதி, சம்பளப் பட்டியல் என்று அவர் நாட்கள் மேசையிலேயே கழிந்தன. கால்டுவெல்லுக்குச் சென்னை பள்ளிக்கூடம். ராக்லண்டுக்கு அது அலுவலகம். அந்த அலுவலகக் காகிதங்களில்தான் அவர் ஒன்றைக் கண்டார். தெற்குத் திருநெல்வேலியில் சபைகளும் பள்ளிகளும் நிறைந்திருக்க, வடக்குப் பகுதியில் ஏறக்குறைய யாருமே இல்லை. மேற்பார்வைக்காகத் தெற்கே போய்ப் பார்த்தபோது அது உறுதிப்பட்டது.

பங்களாவும் பள்ளியும் கட்டி ஓரிடத்தில் அமரும் முறையை அவர் ஒதுக்கினார். கூடாரத்தில் தங்கி ஊர் ஊராக நகரும் திட்டத்தை முன்வைத்தார். 1854-இல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரு இளைஞர்களோடு அது தொடங்கியது. சிவகாசி, சாத்தூர், திருவில்லிபுத்தூர், சங்கரன்கோவில் பக்கத்து ஊர்கள் அவர்கள் எல்லை. ஒரு கூடாரம் சில நாள் ஒரு தோப்பில் நிற்கும். சுற்றுவட்டாரத்து ஊர்களுக்குக் காலையிலும் மாலையிலும் போய்வருவார்கள். பிறகு கூடாரம் அடுத்த தோப்புக்கு நகரும். கரிசலில் மழைக்காலம் வந்தால் சேறு காலைப் பிடித்துக்கொள்ளும். கோடையில் கூடாரத்துக்குள் அனல் கொதிக்கும்.

இந்தத் திட்டத்தின் சிறந்த பகுதி ஐரோப்பியரைப் பற்றியதே அல்ல. தெற்குச் சபைகளின் தமிழ் உபதேசியார்கள் முறை வைத்து வடக்கே வந்து, மாதக்கணக்கில் கூடாரத்தோடு சுற்றிவிட்டுத் திரும்பினார்கள். அவர்கள் செலவைத் தெற்குச் சபையாரே கைப்பணம் போட்டு ஏற்றார்கள். பனையேறிப் பிழைத்த குடும்பங்களின் காசு அது. சாதியும் வட்டாரமும் வேறாக இருந்த கரிசல் ஊர்களுக்குத் தமிழர் தம் செலவில் ஆளனுப்பியது அன்று புதுமை. 1903 பிப்ரவரியில் திருநெல்வேலிக் கிறித்தவர்கள் இந்திய மிஷனரி சங்கத்தை நிறுவித் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பியபோது, அதற்கான பழக்கம் இந்தக் கூடாரங்களிலேயே தொடங்கியிருந்தது.

நுரையீரல் நோயோடு போராடிய ராக்லண்ட் 1858 அக்டோபர் 22-இல் சிவகாசியில் இறந்தார். அவர் கண்ணெதிரே சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. ஃபென்னும் மெடோஸும் தமிழ் உபதேசியார்களும் கூடாரத்தை மடக்காமல் பணியைத் தொடர்ந்தார்கள். வடக்குத் திருநெல்வேலியில் பிற்காலத்தில் எழுந்த சபைகளுக்கும் பள்ளிகளுக்கும் அந்த அலைச்சலே தொடக்கம்.